மீண்டும் ஒரு தோட்ட வாரியம்

கேளம்பாக்கம் நெய்தலும் மருதமும் கைகோத்து நிற்கும் ஊர். கிழக்கே கோவளத்துக் கழி. கழியை ஒட்டி வெள்ளை விரித்தாற்போல் உப்பளங்கள். ஊடே வடக்குத் தெற்காய்க் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய். மேற்கிலும் தெற்கிலும் தையூர் முதலான ஏரிகளும் அவற்றின் நீரால் விளைந்த வயல்களும். கழியில் மீனும் இறாலும், அளத்தில் உப்பும், ஏரிக்கீழ் நெல்லும், புழைக்கடையில் அவரையும் சுரையும் என, ஒரு குடும்பம் உண்பதற்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியைக் கூப்பிடு தொலைவுக்குள் விளைவித்துக்கொண்ட நிலம் அது. ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டுச் சீமையின் கடலோர விளிம்பு அது.

இற்றை நிலை யாது? பழைய மாமல்லபுரம் சாலை 2008-ஆம் ஆண்டளவில் சிறுசேரி வரை ஆறுவழிச் சாலையாய் விரிந்தது. கணினித் தொழிற்பேட்டை வந்தது. அதனைத் தொடர்ந்து வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. அவ்வடுக்ககத்தின் பதினைந்தாம் மாடியில் கொதிக்கும் குழம்பில் மிதக்கும் காய் எங்கிருந்து வருகிறது? தக்காளி ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும், வெங்காயம் மராட்டியத்திலிருந்தும், கோசும் கிழங்கும் நீலமலையிலிருந்தும் சரக்குந்துகளில் கோயம்பேட்டுக்கு வந்து, அங்கே கைமாறி, மீண்டும் தெற்கு நோக்கி ஓடிவந்து சேர்கின்றன. கேளம்பாக்கத்து மண் கேளம்பாக்கத்து மக்களுக்கு ஒரு கட்டுக் கீரையும் தாராத நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றது. இதனை வளர்ச்சி என்று மேடைதோறும் முழங்குவோர்க்குக் குறைவில்லை.

அவ்வளர்ச்சி எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் கொரோனாக் கொள்ளைநோய் காட்டிற்று. நோய் பரவும் களமாய் மாறியமையால் கோயம்பேட்டுச் சந்தை 2020 மே 5-ஆம் நாள் மூடப்பட்டது. சில நாள்களில் திருமழிசையில் மாற்றுச் சந்தை அமைந்தது. கோயம்பேடு மீளத் திறந்தது செப்டம்பர் இறுதியில்தான். ஒரே ஒரு சந்தையின் கதவு சாத்தப்பட்ட அளவில், சென்னையும் அதன் தென்புறத்து ஊர்களும் காய்க்கு அலைந்தன. புழைக்கடையில் ஒரு முருங்கையும் வேலியில் ஒரு கோவைக்கொடியும் வைத்திருந்த வீடு அன்று செல்வர் வீடாயிற்று. பையில் பணம் வைத்திருந்தவன் வறியவனானான். அப்பாடம் ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே மறக்கப்பட்டுவிட்டது.

கேளம்பாக்கத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், ஊர்ப்பொது நிலத்தில், ஊராரே தொண்டாய் உழைத்துப் பேணும் காய்கறித் தோட்டங்கள் எழுதல் வேண்டும். தமிழ் மேடைகளில் மொழிக்காப்பு, இனக்காப்பு, மண்காப்பு என்று மூன்று காப்புகளும் பேசப்படுகின்றன. மூன்றும் ஒருங்கே கூடும் இடம் ஒரு பாத்தித் தோட்டம். பேச்சில் எளிதாய் இருக்கும் மண்காப்பு, மண்வெட்டியைக் கையில் எடுக்கும்போதுதான் எத்தகைய வேலை என்பது விளங்கும்.

தோட்ட வாரியம் என்னும் பழைய அமைப்பு

இது வெளிநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எவரும் கருதற்க. செங்கற்பட்டுச் சீமைக்கு மேற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழனின் 919, 921 ஆகிய ஆண்டுகட்குரிய கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. முப்பது குடும்பு எனப்படும் பகுதிகளிலிருந்து குடவோலை வழியே முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்பட்டு, பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர் என்பதை அவை கூறுகின்றன. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்ததைப் பலரும் அறிவர். தோட்டத்துக்கென்றே ஒரு வாரியம் இருந்ததை, அதிலும் ஏரி வாரியத்தினும் இருமடங்கு ஆள்கொண்டதாய் இருந்ததை, எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தனர்?

அக்கல்வெட்டின் விதிகள் கூர்மையானவை. பதவி ஓராண்டுக்கே. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படவும் தகுதியற்றவர். பொதுப் பணியில் கணக்குக் காட்டாமை என்பது தலைமுறையையே தொடும் குற்றமாய்க் கருதப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைநீட்டி வாக்குக் கேட்டு, பின்னர் கணக்கென்ற சொல்லையே மறந்துவிடும் இற்றை அரசியலார் அக்கல்லின்முன் ஒரு நாழிகை நின்று வருதல் நன்று.

ஆயினும் உண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழர்க்கு அழகன்று. உத்திரமேரூர் ஒரு பார்ப்பனக் குடியிருப்பு. சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பெயர். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயரே குடத்துள் இடப்பட்டது. அந்நிலத்தை உழுதவன் பெயரும், அத்தோட்டத்துக்கு நீர் இறைத்தவள் பெயரும் எந்தக் குடத்திலும் விழவில்லை. ஆகவே அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒழுங்கு, எறியத்தக்கது வேலி. ஓராண்டுப் பதவி, கட்டாயக் கணக்கு, சுழற்சி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, பிறப்பையும் உடைமையையும் அளவுகோலாகக் கொண்ட பகுதியைத் தூக்கியெறிந்து, மண்ணில் கைவைக்க முன்வரும் எவர்க்கும் இடந்தரும் புதிய தோட்ட வாரியமே இற்றைத் தமிழ்நாட்டுக்கு வேண்டுவது.

உலகம் கற்ற பாடம்

தொழிற்சாலைகளால் உலகையே வளைத்த பிரித்தானியர், தம் உழைக்கும் மக்களுக்குச் சிறு தோட்ட நிலம் தருதல் ஊராட்சிகளின் கடமை என்று 1908-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். இரண்டாம் உலகப் போரில் கடல்வழி அடைபட்டபோது, 1939 முதல் வெற்றிக்காக மண்ணைக் கிளறுங்கள் என்று அரசே மக்களை அழைத்தது. பூங்காக்களும் விளையாட்டு வெளிகளும் பாத்திகளாயின. 1991-இல் சோவியத்து ஒன்றியம் சிதைந்து எண்ணெயும் உரமும் வருதல் நின்றபோது, கியூபாவின் தலைநகரான அவானாவில் வெற்று மனைகளெல்லாம் காய்த்தோட்டங்களாயின. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் வீற்றிருக்கும் சிங்கப்பூரில், கைப்பிடி மண்ணுக்கும் விலை உள்ள அந்நாட்டில், 2005-ஆம் ஆண்டு தொடங்கிய குமுகத் தோட்டத் திட்டத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அடுக்ககங்களின் அடியில் செழிக்கின்றன. அவற்றில் சீனப் பாட்டியின் கீரைக்கு அருகே தமிழ்ப் பாட்டியின் கறிவேப்பிலை நிற்கின்றது.

ஈழத்துப் பட்டறிவு இன்னும் அணுக்கமானது. 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் சின்ன வெங்காயமும் பொன்னாய் விளைந்தன. ஆறில்லாத மண், கிணறும் கைவலியுமே முதல். அம்முதலால் அவ்வுழவர் தலைநிமிர்ந்தனர். 1977-இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அவ்வாழ்வு சரிந்தது. பின்னர் 2022-இல் அதே இலங்கையில் அன்னியச் செலாவணி வற்றி அடுப்பெரியாத நிலை வந்தபோது, அரசு ஊழியர் தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை விடுப்பு அறிவிக்கப்பட்டது. கப்பல் வராவிடின் அமைச்சரும் அவரைப்பந்தலைத்தான் நாடவேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

ஆறு பொழுதும் ஒரு தோட்டமும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாய்ப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன தொல்காப்பியம் கூறும் பெயர்கள். இப்பெயர்கள் இன்று தேர்வுத்தாளில் மட்டும் வாழ்கின்றன. தோட்டம் ஒன்று எழுமானால் அவை மீண்டும் வாழ்க்கைச் சொற்களாகும். ஏனெனில் கேளம்பாக்கத்துக் கடற்கரை மண்ணில் வேனில், கோடை, வசந்தம் என்று மேனாட்டுப் படக்கதைகளில் கற்ற பொழுதுகள் செல்லா; இந்த ஆறே செல்லும்.

முதுவேனிலின் பிற்பாதியாகிய கடகத் திங்களில் (ஆடி), மாலையிடி மழைகள் மண்ணைத் தணிக்கத் தொடங்குகின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழி இதனை அறிந்தே பிறந்தது. அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை, பூசணி ஆகியவற்றை அப்போது ஊன்றி, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடுதல் வேண்டும். மடங்கல், கன்னித் திங்கள்களில் (ஆவணி, புரட்டாசி) கார்ப்பொழுது. ஏறத்தாழ முப்பது முப்பத்தைந்து நாள் நாற்றைப் பிடுங்கி நடுதலும், பந்தல் கட்டுதலும், வெண்டையில் முதற்காய் பறித்தலும் அப்போதைய வேலைகள். அதனினும் பெரிய வேலை ஒன்று உண்டு. பாத்திகளை ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்த்தி, வடிகால் வெட்டி முடித்தல் அது. அதனைக் காரில் செய்யாதவன் கூதிரில் அழுவான்.

துலையும் நளியும் (ஐப்பசி, கார்த்திகை) கூதிர். சென்னைக் கரையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 140 செண்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றின் கொடை. 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்சாங்கு புயலும் எவர்க்கும் மறவா. நீர் தேங்கிய பாத்தியில் வேருக்குக் காற்றில்லை. காற்றற்ற வேர் அழுகும். அழுகிய வேருடைய செடி நீரின் நடுவே நின்று நீரின்றி வாடும். இப்பொழுதில் புதிதாய் விதைத்தல் வீண். பந்தற்கால்களை இறுக்கலும், வடிகாலைத் தூர்வாரலும், எருக்குழியை மூடிக்காத்தலும் போதும்.

சிலையும் சுறவமும் (மார்கழி, தை) முன்பனி, தோட்டத்தின் பொற்காலம். கடகத்தில் ஊன்றிய அவரை ஐந்து திங்கள் வெறும் இலையாய் ஓடியது ஏன் என்று புதியவர் சோர்வர். பகல் குறுகினால்தான் பூக்கும் இயல்பு நாட்டவரைக்கு உண்டு. முன்பனியில் அது கொத்துக் கொத்தாய்ப் பூத்துப் பொங்கற் பானைக்குக் காய் தரும். செடிப்பேன் அப்போது தளிரில் மொய்க்கும். வேப்பங்கொட்டைச் சாறும் காலைப் பொழுதில் தூவும் சாம்பலும் அதனை அடக்கும். முள்ளங்கி, தக்காளி, கொத்துமல்லி, முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் செழிப்பன இப்போதே.

கும்பமும் மீனமும் (மாசி, பங்குனி) பின்பனி. வித்தெடுக்கும் காலம் இது. கொத்தவரை, வெண்டை, வெள்ளரி ஆகியவற்றை வேனிலுக்கென விதைக்கும் காலமும் இது. மேழமும் விடையும் (சித்திரை, வைகாசி) இளவேனில். பெயரில்தான் இளமை, வெயிலில் இல்லை. முருங்கை காய்த்துக் குலுங்கும். மற்றவற்றுக்கு மூடாக்கும் நிழலும் வேண்டும். வெறுமையான பாத்திகளில் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணில் புதைத்தால் தழையெருவாகும். உவர் தாங்கும் அப்பூண்டு கேளம்பாக்கம் போன்ற கழியோர மண்ணுக்கென்றே பிறந்தது எனலாம்.

உவரும் நீரும்

கழியோர ஊரின் பெரும்பகை உவர். கடற்கரை மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அடுக்ககங்களும் நீருந்துகளும் நன்னீரை அளவின்றி உறிஞ்சும்போது, கீழிருந்து உவர் மேலேறுகின்றது. அந்நீரைப் பாய்ச்சினால் அவரையின் இலைவிளிம்பு கருகும், வெங்காயம் குறுகும். மழைநீர் உவரை வேருக்குக் கீழே கழுவும். மூடாக்கு மண்ணின் ஈரம் ஆவியாவதைத் தடுத்து உவர் மேலேறுவதைக் குறைக்கும். பருப்புக்கீரையும் கொத்தவரையும் ஓரளவு உவரைத் தாங்கும். கழியோரத்தில் தானே முளைக்கும் உமரிக்கீரையோ உவரையே உணவாக்கிக்கொண்டது. தோட்டம் தொடங்குமுன் கிணற்று நீரையும் மண்ணையும் ஆய்ந்து பார்த்தல் இன்றியமையாதது. இதே மாவட்டத்துக் கட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கின்றது. அறிவுரை கேட்பதில் இழுக்கில்லை.

கேளம்பாக்கத்துக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் 10 கோடி இலிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை இயங்குகின்றது. 2024-இல் 15 கோடி இலிட்டர் ஆலை ஒன்றும் அருகே திறக்கப்பட்டது. வானம் இலவயமாய்த் தந்த நன்னீரைத் தேக்கும் ஏரிகளைத் தூர்த்து மனை போட்டுவிட்டு, கடலில் கலந்த நீரை மின்னாற்றல் செலவிட்டு மீட்பது எத்தகைய அறிவு? பொதுத் தோட்டம் செய்பவன் ஏரியைக் காக்காமல் இருக்க இயலாது. முதல் வேனிலிலேயே அவனுக்கு அது விளங்கிவிடும். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் ஒரே கல்லில் எழுதப்பட்டமை வெறும் தற்செயல் அன்று.

வித்தும் சொல்லும்

சந்தையில் விற்கும் கலப்பின வித்து ஒரு பருவத்துக்கே உரியது. அதன் காயிலிருந்து வித்தெடுத்து விதைத்தால், அடுத்த தலைமுறை பல வடிவாய்ச் சிதறும். உழவன் மீண்டும் கடைக்கு ஓடவேண்டும். நாட்டு வித்தோ தன்னைப் போன்றதையே ஈனும். 2001-ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்புச் சட்டமும், உழவர் தம் வித்தைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகின்றது. வணிகப் பெயர் பொறித்து விற்றல் மட்டுமே தடுக்கப்பட்டது. உரிமை ஏட்டில் இருக்கின்றது. வித்து எவர் கையில் இருக்கின்றது?

வித்துக்காப்பு தனியொருவர் செயலன்று என்பதையும் எண்ணுதல் வேண்டும். கத்தரியும் அவரையும் பெரும்பாலும் தம்முள்ளேயே கருக்கொள்வன. சுரை, பூசணி, பாகல் போன்றவற்றுக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, தேனீயே தூது. அடுத்த வீட்டில் வேறுவகைச் சுரை இருந்தால் இரண்டும் கலந்து, வித்தின் தூய்மை கெடும். ஒரு தெரு முழுதும் ஒரு வகையே போடுவது என்று ஊரார் உடன்பட வேண்டும். அன்றேல் பெண்பூவை மலருமுன் நூலால் கட்டிக் காத்து, கையால் மகரந்தம் தூவவேண்டும். மாடித்தோட்டம் நல்லதே, ஆயினும் தனித்தனி மாடிகளால் ஒரு வித்தைக் காக்க இயலாது. அதற்கு ஊர் வேண்டும். வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, அவ்வட்டாரத்து உழவர் அதனைத் தலைமுறையாய்க் கைவிடாமல் வைத்திருந்தமையால்.

வித்து அழியும்போது சொல்லும் அழிகின்றது. பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, புளிச்சை, தவசி, பண்ணை, குமட்டி என்று கீரைக்கு இருந்த பெயர்கள் இற்றை இளையோர்க்குத் தெரியா. அவர்க்கு எல்லாம் ‘கிரீன்சு’. இதற்கு மாறான ஆற்றலும் தமிழுக்கு இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து காரக்காய் ஒன்று கப்பலேறி வந்தபோது, தமிழர் அதன் அயற்பெயரைத் தூக்கிச் சுமக்கவில்லை. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று மிளகாய் எனப் பெயரிட்டுத் தமதாக்கினர். அடுத்து வந்த சிவப்புக் கனிக்குத் தம் மண்ணின் தக்காளியின் பெயரைத் தந்து சீமைத்தக்காளி என்றனர். அயற்பொருளை ஏற்றனர், அயற்சொல்லை ஏற்கவில்லை. இதுவே தனித்தமிழ் நெறி. 1916-இல் பல்லவபுரத்தில் மறைமலையடிகள் அதனை ஓர் இயக்கமாய் எழுப்புவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே, தோட்டக்காரனும் தோட்டக்காரியும் அதனை நடத்திக்கொண்டிருந்தனர். அடிகளும் பொருந்தும் உணவும் பொருந்தா உணவும் என ஒரு நூல் எழுதி, மொழித்தூய்மை பேசிய வாயால் உணவுத்தூய்மையும் பேசினார்.

இன்றோ முருங்கை என்னும் தமிழ்ச்சொல் மேனாட்டுச் செடிநூலாரின் பெயர்ப்பட்டியலில் ‘மொரிங்கா’ ஆகி, அங்கிருந்து தூளாய்ப் புட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்து தமிழனுக்கே விற்கப்படுகின்றது. வேலியில் நிற்கும் முருங்கையை வெட்டி வண்டி நிறுத்த இடம் செய்துவிட்டு, புட்டியில் அதன் தூளை வாங்குகிறான் தமிழன். நஞ்சின்றி விளைவித்தல் என்று அழகிய தமிழில் கூறினால் நம்பாதவன், ஓர் ஆங்கிலச் சீட்டை ஒட்டியவுடன் கூடுதல் விலை தருகிறான். கரூர்க் கடவூரில் வானகம் அமைத்து, 2013-இல் மறையும் வரை ஊர் ஊராய் நடந்த நம்மாழ்வார், இயற்கை வேளாண்மையைத் தமிழில் பேசித்தான் உழவர் நெஞ்சில் ஊன்றினார்.

நிலம் யாருடையது?

தோட்டத்துக்கு நிலம் எங்கே என்பர். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காட்டுப் பரப்பைத் திறந்தவெளியாய் ஊராட்சிக்கு ஒப்படைத்தல் வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அவ்வெளிகளில் பல முட்புதராயும் குப்பைமேடாயும் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதியைத் தோட்டத்துக்கு ஒதுக்குமாறு ஊரவைகளில் தீர்மானம் இயற்றிக் கேட்டல் வேண்டும். பள்ளி வளாகங்களும் உண்டு.

ஆனால் செங்கற்பட்டு மண்ணில் நிலம் என்று சொல்லும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்கால மாவட்ட ஆட்சியர் திரமென்கீர், நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாய் 1892-இல் அவர்க்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற அவற்றுள் மிகப் பல பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கக் கிளர்ந்தெழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குச் சான் தாமசு, ஏழுமலை என்னும் இருவர் உயிரீந்தனர். பொதுத் தோட்டம் என்னும் நற்பெயரால், அத்தகைய நிலத்தில் ஒரு பிடி மண்ணும் தொடப்படலாகாது. மாறாக, அம்மக்கள் நிலத்தை மீளப்பெறத் தோட்டத்தார் தோள்கொடுத்தல் வேண்டும். ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே பாத்தியில் குந்திக் களையெடுத்து, ஒரே பந்தலடியில் உண்ணாத தோட்டம் தமிழர் தோட்டம் ஆகாது. சேரிக்கு ஒரு வரப்பு, ஊருக்கு ஒரு வரப்பு என்று பிரியுமானால் அதனை உழுது அழித்துவிடுதல் மேல்.

தொண்டு வாடாதிருக்க

தொண்டால் நடக்கும் தோட்டங்கள் பல வாடுவதும் உண்மையே. சுறவத்தில் பொங்கல் விழாவோடு தொடங்கி, படம் பிடித்து, மேழத்து வெயிலில் கைவிடப்படுவன அவை. இருபதின்மர் கூடித் தொடங்குவர்; இருவர் மட்டும் நீர் ஊற்றுவர்; அவ்விருவரும் பெரும்பாலும் பெண்களாய் இருப்பர்; பேச வரும்போது மட்டும் ஆடவர் முன்னிற்பர். சிலர் காயைத் திருடுவர். சிலர் தோட்டத்தையே தம் பெயருக்கு விளம்பரமாக்குவர். இவற்றுக்கு மருந்து உத்திரமேரூர்க் கல்லிலேயே உண்டு. பதவி ஓராண்டே, கணக்கு ஒவ்வொரு முழுநிலா நாளும் ஊரார் முன் படிக்கப்படல் வேண்டும், வேலைநாள் பதிவேடு வேண்டும், பாதிக்குக் குறையாத இடம் பெண்களுக்கு வேண்டும். தொடங்கும் நாள் சுறவம் அன்று, கடகம்.

மற்றொன்று, மிகையாய்க் கூறி ஏமாற்றுதல் ஆகாது. ஒருவர்க்கு நாளுக்கு 300 கிராம் காய்கறி வேண்டும் என்று நாட்டு ஊட்ட ஆய்வு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறிற்று. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 550 கிலோ ஆகின்றது. ஒரு சிறு பொதுத் தோட்டம் ஓர் ஊருக்கே இதனை ஈயாது. கீரை, முருங்கை, அவரை, சுரை என்று ஒரு பங்கை ஈயும். விளைவில் ஒரு பகுதி உழைத்தோர்க்கும், ஒரு பகுதி பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கும், எஞ்சியது விற்று அடுத்த பருவச் செலவுக்கும் என்று பகுத்தல் தகும். ஆனால் அதன் மெய்யான விளைவு எடைக்கல்லில் நில்லாது. நெல்லையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலைதேடி வந்து, அடுத்த கதவின் பெயரறியாது வாழும் தமிழர், ஒரு வடிகாலைச் சேர்ந்து வெட்டும்போது ஊராராகின்றனர். கணினியின் முன் அமரும் இளைஞன், உப்பளத்தில் உழைத்த முதியவளிடம் மண்ணின் உவரை நாவில் வைத்தறியக் கற்கிறான். கற்றவன் எவன், கல்லாதவன் எவன் என்ற பழைய தருக்கு அங்கே தானே உதிர்கின்றது.

விலைக்குக் கிடைக்கும்போது ஏன் இவ்வுழைப்பு என்பார்க்கு ஒரே விடை. தன் உணவில் ஒரு கவளமேனும் தானே விளைக்கத் தெரியாத இனம், எவர் கதவு சாத்தினும் பட்டினி கிடக்கும். தன் சொல்லில் ஒரு கீரையின் பெயரும் அறியாத இனம், எவர் பெயரிட்டாலும் அதனையே தன் பெயர் என்று நம்பும்.

வரும் கடகத் திங்களுக்கு இன்னும் நாள் உண்டு. கேளம்பாக்கத்தில் பத்துப் பேர் கூடட்டும். பத்தும் பத்து வகையினராய் இருக்கட்டும். ஒரு குடத்தில் அனைவர் பெயரும் இடப்படட்டும். ஒரு சிறுவன் ஓலையை எடுக்கட்டும். பாட்டியர் முடிந்து வைத்த அவரை வித்து எங்கேனும் ஒரு சிமிழில் இன்னும் இருக்கும். அது முளைக்கும் ஆற்றலை இழப்பதற்குமுன் மண்ணைச் சேரட்டும்.